வயிற்றுப் புண்ணும் ஒரு சிறு கிருமியும்

வயிற்று நோவைப் பற்றிப் பேசாத குடும்பம் நம் நாட்டிலே அரிது. உண்டபின் வயிறு உப்புகின்றது என்பார் ஒருவர். பசித்தால் நெஞ்சுக்குழி எரிகின்றது என்பார் மற்றொருவர். நள்ளிரவில் வலி எழுப்பிவிடுகின்றது என்பார் இன்னொருவர். 'கஸ்ரைரிஸ்' என்னும் சொல் இன்று நம் வீட்டு மூதாட்டியர் வாயிலும் தடையின்றிப் புழங்குகின்றது. இதற்குக் காரணம் யாது என்று வினவினாலோ விடைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் உண்ணாமல் வேலைக்குப் போனதே காரணம் என்பர். கறிக்கு இட்ட மிளகாய்த்தூள் என்பர். அளவுக்கு மிஞ்சிய யோசனை என்பர்.

இவற்றால் வயிற்றெரிவு மிகுதல் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரைப்பையிலும் அதனை அடுத்துள்ள முன்சிறுகுடலிலும் தோன்றும் புண்ணுக்கு இவை மூலகாரணம் அல்ல. அப்புண்ணுக்குரிய தலையாய காரணங்களுள் ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பற்றீரியா. இவ்வுண்மையை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டு அரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. அதற்கு முன் வாழ்ந்த நோயாளர் பலர், நோயோடு கூட, 'உமது கவலையும் முன்கோபமுமே இதற்குக் காரணம்' என்னும் பழியையும் சுமந்தே காலங்கழித்தனர். அப்பழி எங்ஙனம் நீங்கியது என்பதையும், அதனால் நம் குடும்பங்களுக்கு விளையக்கூடிய நன்மை யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

அமிலம் நிறைந்த பை

நமது இரைப்பை விந்தையானதோர் உறுப்பு. உண்ட உணவைக் கடைந்து கூழாக்குவதோடு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு இலீற்றர் வரையான சமிபாட்டு நீரையும் அது சுரக்கின்றது. அந்நீரில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு. உணவோடு உட்புகும் கிருமிகளிற் பெரும்பாலானவை அவ்வமிலத்தில் மடிந்தொழிகின்றன. ஆயின், அவ்வமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதது ஏன்? சுவரின் உட்புறத்தை வழவழப்பான சீதப்படலம் ஒன்று போர்வை போல மூடியிருக்கின்றது. அப்போர்வை பழுதுபட்டால் அமிலம் சுவரைத் தீண்டும். தீண்டிய இடம் அழன்று, நாளடைவில் புண்ணாகும்.

புண் உண்டாவதில் அமிலத்துக்குப் பங்கு உண்டு என்பது வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. 'அமிலம் இல்லையேல் புண்ணும் இல்லை' என்னும் கருத்தை 1910ஆம் ஆண்டில் கார்ள் ஸ்வார்ட்ஸ் என்னும் வைத்தியர் வெளியிட்டார். அதன்பின் அக்கருத்தே சிகிச்சை முறைகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. அமெரிக்காவில் பேர்ட்ரம் சிப்பி என்பார் வகுத்த முறைப்படி, நோயாளர் மணிக்கொரு தடவை பாலும் பாலாடையும் உண்டு, இடையிடையே காரப்பொடியும் விழுங்கிக் கிடந்தனர். அதற்கும் தணியாத புண்ணுக்குச் சத்திர சிகிச்சை செய்து இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தனர். அன்றி, அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பினைத் துண்டித்தனர். வெட்டுண்ட வயிற்றோடு, அளவாகக்கூட உண்ண இயலாமல் எஞ்சிய நாளைக் கழித்தவர்கள் உலகெங்கும் இருந்தனர்.

1976ஆம் ஆண்டில் சிமெற்றிடின் என்னும் மருந்து பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் அம்மருந்தினால் புண்கள் ஆறின. கத்திக்கு வேலை குறைந்தது. அதனை ஆக்குவதற்கு வழிகாட்டிய சேர் ஜேம்ஸ் பிளாக் 1988ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அப்பெருமை அவருக்குத் தகும். ஆனால் அம்மருந்திலும் ஒரு குறை இருந்தது. குளிசையை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புண் மீண்டும் தோன்றியது. ஆகவே நோயாளர் ஆண்டுக்கணக்காகக் குளிசை விழுங்கவேண்டியவராயினர். ஆறிய புண் ஏன் திரும்ப வருகின்றது என்னும் வினாவுக்கு, 'அவர் கவலைப்படுகிறார்' என்பதே வழக்கமான விடையாக இருந்தது.

கண்டும் காணாத காலம்

இரைப்பையில் கிருமி இருப்பதை அதற்கு முன்னர் எவரும் காணவில்லையா? கண்டனர். 1890களில் இத்தாலிய அறிஞர் யூலியோ பிற்சோசெறோ நாய்களின் இரைப்பையிலே சுருள்வடிவக் கிருமிகளைக் கண்டு வரைந்து வைத்தார். 1899ஆம் ஆண்டில் போலந்து நாட்டு வைத்தியர் வலேறி யவோர்ஸ்கி மனிதருடைய இரைப்பையைக் கழுவிய நீரில் அத்தகைய கிருமிகளைக் கண்டதாக எழுதினார். ஆயினும் 1954ஆம் ஆண்டில் எடி பாமர் என்னும் அமெரிக்க வைத்தியர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்து, அங்கே கிருமி வாழவில்லை என்று முடிவு கூறினார். அவர் கையாண்ட சாயம் அக்கிருமியைத் தெளிவாகக் காட்டவல்லதன்று. இருந்தும் அவருடைய முடிவே நிலைபெற்றது. அமிலம் நிறைந்த பையில் உயிர் எதுவும் வாழாது என்பது பாடநூல்களிலும் ஏறிற்று.

கிரேக்க நாட்டின் மிசொலொங்கி என்னும் ஊரிலே யோன் லைக்குடிஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். 1958ஆம் ஆண்டிலே தமது வயிற்றுநோய்க்கு அன்ரிபயோட்டிக் மருந்தை உண்டு குணங்கண்ட அவர், அதனையே தம்மை நாடி வந்த நோயாளர்க்கும் கொடுக்கலானார். நோயாளர் திரண்டனர், வைத்திய சபையாரோ சினந்தனர். அவருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. தம் கருத்தின் உண்மையை உலகம் ஏற்பதைக் காணாமலே 1980ஆம் ஆண்டில் அவர் கண்மூடினார். அவரிடம் அனுபவம் இருந்தது. ஆனால் கிருமியைக் காட்டி மெய்ப்பிக்கும் சான்று இருக்கவில்லை.

பேர்த் நகரத்து இருவர்

அச்சான்று கிடைத்த இடம், அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரம். அங்குள்ள றோயல் பேர்த் ஆஸ்பத்திரியில் நோயியல் நிபுணராகப் பணிபுரிந்தவர் றொபின் வொறன். நோயாளரின் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுக்கப்பட்ட திசுத் துணுக்குகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது அவருடைய அன்றாடத் தொழில். 1979ஆம் ஆண்டு யூன் 11ஆந் தேதி, அவருக்கு 42 வயது நிறைந்த அன்று, ஒரு துணுக்கின் மேற்பரப்பில் நீலநிறக் கோடு போல ஏதோ படிந்திருப்பதைக் கண்டார். வெள்ளி உப்புச் சாயம் ஊட்டிப் பார்த்தபோது, எண்ணிறந்த வளைந்த கிருமிகள் அங்கே நெருங்கி நின்றன. சக வைத்தியர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. வொறன் விடவில்லை. பின்வந்த துணுக்குகளிலும் தேடினார். அழற்சி உள்ள இடத்திலெல்லாம் அக்கிருமிகளைக் கண்டார்.

இரண்டு ஆண்டுகள் அவர் ஏறத்தாழத் தனித்தே தேடினார். 1981ஆம் ஆண்டில் பயிற்சி வைத்தியராக அவ்விடத்துக்கு வந்த பரி மார்ஷல் என்னும் இளைஞர் அவரோடு சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டில் இருவரும் குழாய்க் கருவி மூலம் பரிசோதிக்கப்பட்ட 100 நோயாளரை ஆராய்ந்தனர். ஆய்வுகூடத்தில் அக்கிருமியை வளர்த்துக் காட்டவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால் 30க்கு மேற்பட்ட துணுக்குகளை இட்டும் யாதும் முளைக்கவில்லை. ஆய்வுகூட வழக்கப்படி இரண்டு நாளில் வளராத தட்டுக்கள் எறியப்பட்டன. 1982ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது சில தட்டுக்கள் ஐந்தாறு நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் இனம் என்பதும், அதுவரை எறியப்பட்டவற்றுள்ளும் அது இருந்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் புலனாயின.

100 பேரில் 58 பேரிடம் அக்கிருமி காணப்பட்டது. முன்சிறுகுடற் புண் உடையவராயிருந்த 13 பேரில் ஒருவர் தவறாமல் அனைவரிடமும் அது இருந்தது. 1984ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை இம்முடிவுகளை வெளியிட்டது. ஆயினும் வைத்திய உலகம் எளிதில் இணங்கவில்லை. 'புண் உள்ள இடத்திலே கிருமி வந்து குடியேறியிருக்கலாம். கிருமியால் புண் வந்தது என்பதற்குச் சான்று எங்கே?' என்று கேட்டனர். அவ்வினா நியாயமானதே. ஒரு கிருமி ஒரு நோயை உண்டாக்குகின்றது என்று நாட்ட வேண்டுமாயின், நலமுள்ள உடலில் அதனைச் செலுத்தி, அந்நோய் தோன்றுவதைக் காட்டவேண்டும். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த றொபேட் கொக் காலத்திலிருந்தே விஞ்ஞானிகள் வேண்டும் சான்று அது.

கிருமியைக் குடித்த வைத்தியர்

மார்ஷல் முதலிலே பன்றிக் குட்டிகளுக்குக் கிருமியை ஊட்டிப் பார்த்தார். அவற்றுக்கு நோய் பற்றவில்லை. பிற மனிதருக்கு ஊட்டுவது முறையாகாது. எஞ்சியிருந்தது அவருடைய சொந்த வயிறு ஒன்றே. முதலில் தம் இரைப்பையில் அக்கிருமி இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதிசெய்துகொண்டார். பின்னர், 1984ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நோயாளர் ஒருவரிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமிகளை நீர்மத்திற் கலக்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 32. மனைவிக்கும் அதனை முன்கூட்டிச் சொல்லவில்லை.

சில நாட்களில் வயிறு நிறைந்தாற்போன்ற உணர்வும் குமட்டலும் தோன்றின. அதிகாலையில் வாந்தி வந்தது. வாயிலும் துர்நாற்றம் வீசலாயிற்று. பத்தாம் நாளில் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது, நலமாயிருந்த இரைப்பை அழற்சியுற்று, கிருமிகள் பெருகியிருக்கக் காணப்பட்டது. செய்தி அறிந்த மனைவி, உடனே மருந்து உண்ணுமாறு வற்புறுத்தினார். அவரும் உண்டார்; குணமடைந்தார். அவருக்கு உண்டானது அழற்சியேயன்றிப் புண் அன்று என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆயினும் நலமுள்ள இரைப்பையை அக்கிருமி நோயுறச் செய்யும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நாட்டப்பட்டது. இத்தகைய துணிவை எவரும் பின்பற்றவேண்டும் என நாம் கூறமாட்டோம். ஆனால் அத்துணிவின் பின்னால், ஒவ்வொரு நாளும் தம் கண்முன் குருதி கக்கி வந்த நோயாளருடைய முகங்கள் இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

மற்றைய சான்று 1988ஆம் ஆண்டில் வந்தது. முன்சிறுகுடற் புண்ணுடையோரை மார்ஷலும் அவர் கூட்டத்தினரும் ஓராண்டுக் காலம் கவனித்தனர். கிருமி நீங்காதவர்களுள் நூற்றுக்கு 84 வீதத்தினர்க்குப் புண் மீண்டும் வந்தது. கிருமி நீங்கியவர்களுள் நூற்றுக்கு 21 வீதத்தினர்க்கே அது திரும்பியது. ஆறிய புண் ஏன் திரும்ப வருகின்றது என்னும் பழைய வினாவுக்கு இதுவே விடை. நோயாளருடைய கவலை அன்று, அகற்றப்படாத கிருமியே.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கிருமியோடு கூடிய புண்ணுக்கு அன்ரிபயோட்டிக் மருந்து கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்தது. 2005ஆம் ஆண்டில் வொறனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வொறன் 2024ஆம் ஆண்டில், தமது 87ஆவது வயதிலே காலமானார்.

அமிலத்தில் வாழும் உபாயம்

1989ஆம் ஆண்டு முதல் இக்கிருமி ஹெலிக்கோபக்டர் பைலோரி என வழங்கப்படுகின்றது. வைத்தியர்கள் சுருக்கமாக எச். பைலோரி என்பர். அமிலத்திலே அது மடியாதிருப்பது எங்ஙனம்? அது யூரியேசு என்னும் நொதியத்தை உண்டாக்குகின்றது. நம் உடலில் இயல்பாகவே உள்ள யூரியாவை அந்நொதியம் உடைத்து, அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. அமோனியா காரத்தன்மை உடையதாதலால், கிருமியைச் சுற்றியுள்ள அமிலம் தணிகின்றது. தன்னைச் சூழ ஒரு காரக் கவசத்தை அணிந்துகொண்டே அது நீந்துகின்றது என்று சொல்லலாம். பின்னர் தக்கைத் திருகாணி போன்ற தன் உடலாலும், வால்போன்ற இழைகளாலும் சீதப்படலத்தைத் துளைத்துச் சென்று, அமிலம் எட்டாத அடித்தளத்திலே குடியமர்கின்றது.

அங்கே அதனை எதிர்க்க நம் உடல் எழுப்பும் போரினாலேயே சுவர் அழல்கின்றது. சிலரிடத்தில் அமிலச் சுரப்பும் மிகுகின்றது. அழற்சியும் அமிலமும் கூடியே புண் உண்டாகின்றது. ஆகவே பழைய வைத்தியர்களின் அமிலக் கொள்கை முழுப்பொய் அன்று. அது பாதி உண்மை. மற்றப் பாதி நுணுக்குக்காட்டியின் கீழே காத்துக் கிடந்தது.

இக்கிருமி மனிதனுக்குப் புதிய பகையும் அன்று. ஆதிமனிதர் ஆபிரிக்காவை விட்டு வெளியேறிய காலத்திலேயே அவர்கள் வயிற்றில் அது உடன் வந்தது என்பதை மரபணு ஆராய்ச்சி காட்டுகின்றது. அல்ப்ஸ் மலைப் பனியில் 5,300 ஆண்டுகளாகப் புதைந்திருந்த மனிதன் ஒருவனுடைய இரைப்பையிலும் அதன் சுவடு இருந்ததாக 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

அஞ்சவேண்டியது எது?

உலக மக்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் இக்கிருமி உண்டு எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் யாதொரு வருத்தமுமின்றி வாழ்ந்து முடிக்கின்றனர். பத்தில் ஒருவர் அளவிலேயே புண்ணால் வருந்துகின்றனர். மிகச் சிலருக்கே, பல்லாண்டு கால அழற்சியின் முடிவில், இரைப்பைப் புற்றுநோய் உண்டாகின்றது. இக்காரணம் பற்றியே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994ஆம் ஆண்டில் இதனைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலே சேர்த்தது. கிருமியை நீக்கினால் அவ்வாபத்துக் குறையுமா? தாய்வானுக்குரிய மட்சு தீவுகளில் 2004ஆம் ஆண்டு முதல் ஊர்மக்களைத் திரளாகப் பரிசோதித்துச் சிகிச்சை அளித்தனர். கிருமியுடையோர் தொகை நூற்றுக்கு 64 வீதத்திலிருந்து 15 வீதமாகக் குறைந்தது. இரைப்பைப் புற்றுநோயும் அரைவாசிக்கு மேல் குறைந்தது.

ஆதலால் நாம் அஞ்சவேண்டியது கிருமியின் பெயருக்கு அன்று. வருத்தத்தை அசட்டை செய்வதற்கே. மருந்துக்கடையில் அமிலந் தணிக்கும் குளிசையை வாங்கி, மாதக்கணக்காக விழுங்குவோர் பலர். அது வலியை மறைக்குமேயன்றிக் கிருமியை நீக்காது. வயிற்றுவலி தொடர்ந்து வருமாயின் வைத்தியரை நாடி, கிருமி உண்டா என்று பரிசோதிக்கும்படி கேட்டல் வேண்டும். மலம் தார் போலக் கறுத்தல், வாந்தியில் குருதி காணல், காரணமின்றி உடல் மெலிதல், உணவு விழுங்க இயலாமை, இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாளும் தாமதித்தலாகாது.

பரிசோதனை கடினமானதன்று. மூச்சுப் பரிசோதனையில் அடையாளமிட்ட காபன் அடங்கிய யூரியாவை அருந்தக் கொடுப்பர். இரைப்பையில் கிருமி இருந்தால் அதன் நொதியம் அதனை உடைத்துவிடும். அடையாளமிட்ட காபனீரொட்சைட்டு மூச்சில் வெளிவரும். கிருமியைக் காத்த உபாயமே அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது! மலப் பரிசோதனையாலும், குழாய்க் கருவி மூலம் எடுத்த திசுவாலும் கூட அறியலாம். ஒமிப்பிரசோல் போன்ற குளிசைகளும் அன்ரிபயோட்டிக் மருந்துகளும் பரிசோதனையைப் பிழைக்கச் செய்யுமாதலால், உண்டு வரும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியருக்கு முன்னரே சொல்லவேண்டும்.

கிருமி உண்டெனக் கண்டால் இரண்டு அல்லது மூன்று மருந்துகளும் அமிலந் தணிக்கும் குளிசையும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பர். ஐந்தாம் நாளில் வலி நீங்கியது என்று நிறுத்துவோர் தமக்கும் பிறர்க்கும் தீங்கு செய்கின்றனர். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக வளரும். முன்னர் நன்கு பயன்பட்ட மருந்துகள் சில, இன்று பல நாடுகளில் பயனிழந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிகிச்சை முடிந்து ஒரு மாதமேனும் கழிந்தபின், கிருமி நீங்கியதா என்று மறுபடியும் பரிசோதித்தல் நன்று.

எல்லா வயிற்றுவலிக்கும் இக்கிருமியே காரணம் என்று கருதுவதும் பிழையாகும். நோவு தீர்க்கும் அஸ்பிரின், ஐபுபுறுபன் முதலிய குளிசைகளும் புண்ணை உண்டாக்கவல்லன. இருதய நோய்க்காக அஸ்பிரின் உண்பவர் தாமாக அதனை நிறுத்தாமல், வைத்தியரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும். புகைத்தல் புண்ணை ஆறவிடாது. மோரும் கஞ்சியும் வயிற்றுக்கு இதமானவை. ஆனால் அவற்றால் இக்கிருமி அழியாது.

இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலே, குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகின்றது. நெருக்கமான வீடும் தூய்மையற்ற நீரும் அதற்குத் துணைபுரிகின்றன. குடிநீரைக் கொதிக்கவைத்தல், உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், குழந்தைக்கு உணவை மென்று ஊட்டாதிருத்தல் ஆகிய எளிய பழக்கங்களை வீட்டிலே நிலைநிறுத்துவது பெற்றோர் கடமை.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். ஆயிரக்கணக்கானோர் நோக்கிய அதே துணுக்குகளையே வொறனும் நோக்கினார். அங்கே கிருமி இராது என்று நூல்கள் கூறியபோதும், அவர் தம் கண்ணை நம்பினார். கண்டதை மீண்டும் மீண்டும் சோதித்தார். பெற்றோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வயிறு நோகின்றது என்று ஒருவர் சொல்லும்போது, 'அது உன் மனத்தின் கோளாறு' என்று சொல்லி நாம் அனுப்பிவிடலாகாது. அங்ஙனம் சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேரிடம் மெய்யாகவே புண் இருந்தது. அப்புண்ணுக்கு மருந்தும் இருந்தது.